நான் காணாமல் போகவில்லை

19.1.2025, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் படகை வேனின் பின்னால் மாட்டிக்கொண்டு திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்க்குப் போனேன். கார்த்திகை மழையில் நிரம்பிய தண்ணீர் இன்னும் வற்றவில்லை. பதினொன்றரைக்குக் காற்று பிடித்தது. கண்மாயின் குறுக்கே ஒன்பது முறை ஓட்டினேன். ஒரு முறைகூடத் துடுப்பைத் தொடவில்லை.

பதினான்கு அடிப் படகு. பிளைவுட், மேலே ஃபைபர், அலுமினியக் குழாயில் பாய்மரம். பழங்காநத்தம் வீட்டு வாசலில் மூன்று வருடம் என் கையால் செய்தது. வரைபடத்தை இணையத்தில் எடுத்து, அகராதி வைத்துப் படித்து, அடிக்கணக்கை மில்லிமீட்டராக்கி நானே அறுத்தேன். டிரெய்லர் மட்டும் வெல்டிங் பட்டறை உக்கிரபாண்டி செய்து கொடுத்தான். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

இன்று கரையில் நின்றுகொண்டு ஆரம்பித்தான். “அண்ணே, கடல் வழியா மண்டபம் ஊருக்குப் போறப்ப நானும் வாரேன். பட்டறையை நாலு நாளு மூடிட்டாப் போச்சு.”

முடியாது என்றேன்.

“ஏன், நான் ஏறுனா முங்கிருமா?”

“முங்காது. ரெண்டு பேரு போனாங்கன்னு சொல்லுவாங்க.”

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும்.

23.1.2025, வியாழன்

பாயின் கீழ்முனையில் தையல் விட்டிருந்தது. மறுபடி தைத்தேன். மனைவி பிலோமினாள் நூல் கோத்துத் தர வந்தாள். நானே கோத்துக்கொண்டேன்.

2.2.2025, ஞாயிறு

ஆரப்பாளையத்திலிருந்து மகள் ஆன்சி வந்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டாள். “அறுபத்தொம்பது வயசுல தனியாக் கடல்ல போயி யாருக்குப்பா என்ன நிரூபிக்கணும்?”

யாருக்கும் இல்லை என்றேன். பொய்தான்.

பள்ளித் தொழிற்பட்டறையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். பதவி: உதவியாளர். பையன்களுக்கு லேத்தும் ரம்பமும் பழக்கியது நான். பயிற்றுநர் என்று கையெழுத்துப் போட நான்கு பேர் மாறி மாறி வந்தார்கள். கடைசியாக வந்த ஜெரால்டுக்கு வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய நீராவி எந்திரத்தின் ஒவ்வொரு திருகும் என் கை. பலகையில் ‘வழிகாட்டி: ஜெரால்ட்’ என்று எழுதினார்கள். தாளாளரிடம் போய்க் கேட்டேன். “உங்ககிட்ட சர்டிபிகேட் இல்லையே லாசர்” என்றார், குடையை மறந்துவிட்டு வந்தவனிடம் சொல்வதுபோல.

அதனால்தான் தனியாக. தொண்டிக்குத் தெற்கே இறக்கி, கரையோரமாகவே மண்டபம் வரை. எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று நாள், இரண்டு ராத்திரி. எஞ்சின் கிடையாது, கூட ஆள் கிடையாது. அதில் வேறு எவன் பெயரை எழுதுவார்கள், பார்க்கலாம்.

11.2.2025, செவ்வாய்

தொண்டிக்குத் தெற்கே தாழைக்குடிக்குப் போய்க் கரையைப் பார்த்து வந்தேன். பிலோமினாளும் கூட வந்தாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நல்ல சரிவு. டிரெய்லர் தண்ணீர் வரை போகும். கடலோரக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். மிதவைச் சட்டையைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன்.

ஆனால் அந்தக் கரையில் படகு இறக்க ஊர்க்கமிட்டியைக் கேட்க வேண்டுமாம். தலைவர் முத்திருளன், ஐம்பத்தைந்து வயது இருக்கும், வலை பின்னிக்கொண்டே பேசினார்.

“எந்தக் கடல்ல ஓட்டிப் பழகுனீக?”

“கண்மாயில.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “கண்மாயில தவளை தாவுனா அலையடிக்குமே, அம்புட்டையும் சமாளிச்சீகளா?” என்றான் ஓர் இளவட்டம். அவன் பெயர் செல்வக்குமாராம். நான் சிரிக்கவில்லை.

முத்திருளன் சிரிப்பை அடக்கிவிட்டுக் கேட்டார். “கரையில ஒங்களுக்கு ஆளு யாரு?”

யாரும் இல்லை, தேவையும் இல்லை என்றேன். திங்கள், புதன், சனி விசைப்படகு போகிற நாள், மற்ற நாலு நாளும் எங்கள் நாட்டுப்படகு, அதனால் திங்கட்கிழமை இறக்குங்கள், அன்றைக்குக் கரையில் எங்களுக்கு வேலை இருக்காது என்று மட்டும் சொன்னார்.

24.2.2025, திங்கள். படகில்.

ஆறு ஐம்பதுக்கு இறக்கினேன். கேட்காமலே எட்டுப் பேர் வந்து தள்ளினார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் படகு மிதந்துவிட்டது. உக்கிரபாண்டி வேனை மதுரைக்குத் திருப்பிக்கொண்டு போனான். பிலோமினாள் கையசைக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வாடைக்காற்று, இதமாக. கண்மாய்க்கும் கடலுக்கும் வித்தியாசம் — அலையின் உயரம் அல்ல. அது நிற்பதே இல்லை. முதல் ஒரு மணி நேரம் இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கை தானாகப் பழகிவிட்டது. மத்தியானம் பாய் ஒரே வளைவில் நிறைந்து நின்றது. சுக்கானில் இரண்டு விரல் போதும். கரை வலது பக்கம் பனை பனையாகப் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு மத்தியானம் எனக்கு இருந்ததில்லை.

ஆறு மணிக்குப் பிலோமினாளுக்குப் போன் பண்ணினேன், தினமும் பண்ணுவதாகச் சொன்னபடி. “சாப்டீங்களா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். ஆழமில்லாத இடத்தில் நங்கூரம்.

25.2.2025, செவ்வாய்

காலையில் போனைத் திறந்தால் நாற்பத்திரண்டு செய்தி. ஆன்சி, பங்குக் கோவில் வாட்ஸப் குழுவில் என் படத்தைப் போட்டிருக்கிறாள். ‘அப்பா தனியாகக் கடலில் இருக்கிறார், பத்திரமாகத் திரும்ப ஜெபியுங்கள்.’ கீழே ஆமென், ஆமென், கைகூப்பிய பொம்மைகள். ஒருவர், ‘ஏன் இந்த வயதில் விடுகிறீர்கள்?’ விடுகிறார்களாம்! நான் என்ன கோழியா?

நான் செய்த காரியத்தை ஒரே வரியில் பரிதாபமாக்கிவிட்டாள். போனை அணைத்து, தண்ணீர் புகாத டப்பாவின் அடியில் போட்டுவிட்டேன். ஆறு மணிக்கும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். ஒரு நாளாவது யாரும் எனக்காக எதையும் செய்யாமல் இருக்கட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்று தெற்கே மாறி நேர் எதிராக வந்தது. பாயை மாற்றி மாற்றித் திருப்பி நாலு முறை குறுக்கே அடித்துப் பார்த்தேன், ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. அலையாத்திக் காட்டுக்குள் ஓர் ஓடை பிரிந்தது. இந்தப் படகில் அடியில் நடுப்பலகை ஒன்று உண்டு, அதைத் தூக்கிவிட்டால் ஒரு அடித் தண்ணீர் போதும். உள்ளே நுழைந்து இரண்டு வளைவு தாண்டிக் கட்டினேன். காற்றே இல்லை. கொசு இருக்கிறது.

26.2.2025, புதன்

தென்காற்று விடவில்லை. இங்கேயே இருந்தேன். சுக்கான் முளையை இறுக்கினேன். பிரெட், கடலை மிட்டாய், தண்ணீர் எல்லாம் போதுமான அளவு. நாரை ஒன்று பக்கத்திலேயே நின்றது, அதுவும் பேசவில்லை. நிம்மதி.

போனைப் பற்றி இரண்டு முறை நினைத்தேன். எடுக்கவில்லை.

27.2.2025, வியாழன். பழங்காநத்தம்.

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். கோபம்தான், வேறொன்றும் இல்லை.

காலை ஒன்பதரை. காற்று மறுபடி வாடைக்குத் திரும்பியிருந்தது. பாயை ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஓடைக்கு வெளியே எஞ்சின் சத்தம். செல்வக்குமார் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வளைவு திரும்பி வந்தான். என்னைப் பார்த்ததும் பின்னால் திரும்பிக் கத்தினான்: “கெடச்சிட்டாருடோய்! உசுரோட இருக்காரு!”

யார் கிடைத்தார் என்று நான் சுற்றிப் பார்த்தேன்.

“கயித்தப் புடிங்கய்யா.”

“எதுக்கு?”

“கட்டி இழுக்கணும்.”

“என் படகு நல்லா ஓடுது. நான் தெக்க போறேன்.”

“நீங்க தெக்க போங்க, இலங்கைக்கே போங்க. மொதல்ல கரைக்கு வாங்க. அங்க அம்மா உக்காந்திருக்காக.”

“எந்த அம்மா?”

“ஒங்க வீட்டம்மா. நேத்து சாயங்காலத்துல இருந்து.”

கயிற்றை நான் பிடிக்கவில்லை. அவனே ஏறிக் கட்டினான். பாய் இருந்தும், காற்று இருந்தும், ஒரு மூட்டையைப்போல என்னை வடக்கே இழுத்துக்கொண்டு போனார்கள்.

தாழைக்குடியில் முப்பத்துநாலு படகு கரையேறிக் கிடந்தது. வியாழக்கிழமை, அவர்கள் தொழிலுக்குப் போகிற நாள். ஒருவரும் வலை போடவில்லை. விடியும் முன்பே எல்லாரும் என்னைத் தேடப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஒரு படகு வரவில்லை என்றால் அதுதான் முறையாம்.

நான் சொன்னேன், எல்லார் முன்னாலும்: “நான் காணாமப் போகல. நான் இருந்த எடம் எனக்குத் தெரியும்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. முத்திருளன் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். “நீங்க காணாமப் போனீகளா இல்லையாங்கிறத நீங்க சொல்ல முடியாதுய்யா. கரையில இருக்கிறவுகதான் சொல்லணும்.”

“நான் உங்க ஊர்க்காரன் இல்லையே.”

“எங்க ஆளுக எட்டுப் பேரு தள்ளிவிட்டாக. தள்ளிவிட்ட படகு வந்து சேர்ற வரைக்கும் எங்க படகுதான்.”

அப்புறம் தீர்ப்புபோல ஒன்று சொன்னார். தேடப்பட்டவன் தேட வரணும். இனி இந்தக் கரையில் ஒரு படகு வரவில்லை என்றால் எனக்கும் சொல்லி அனுப்புவார்களாம், நான் வர வேண்டுமாம். நோட்டில் எழுதினார்கள். என் படகுக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ‘மதுரைக்காரர் படகு’ என்று எழுதினார்கள்.

பிலோமினாள் எழுந்து வந்தாள். சேலையெல்லாம் மணல். “வாங்க, போவோம்” என்றாள். அவ்வளவுதான்.

28.2.2025, வெள்ளி

என் தவறு எது? சாப்பாடு இருந்தது. தண்ணீர் இருந்தது. படகில் ஒரு கீறல் இல்லை. புயல் இல்லை. ஒரு மனிதன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான், அதற்கு ஒரு ஊரே கிளம்புமா?

முத்திருளனின் எண்ணை நான் பாய்மரம் நட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பிலோமினாள் வாங்கி வைத்திருக்கிறாள்; என் போன் வரவில்லை என்றதும் அவரைக் கூப்பிட்டுவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. நாற்பத்தோரு வருடமாக இப்படித்தான், எனக்குப் பின்னால் ஏதாவது ஏற்பாடு.

அவள் திட்டவும் இல்லை. திட்டினால் பதில் சொல்லலாம்.

5.3.2025, சாம்பல் புதன்

பூசையில் சாமியார், ‘நம் சகோதரர் லாசர் பத்திரமாகத் திரும்பியதற்கு நன்றி’ என்றார். நூறு தலை திரும்பியது. வெளியே வந்ததும் ஜெரால்ட் கையைப் பிடித்தான். “ஒங்க வயசுக்குப் பெரிய விஷயம் சார்.” முதல் தடவையாக என்னை சார் என்கிறான். பதினாறு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

14.3.2025, வெள்ளி

ஆன்சி வந்தாள். குழுவில் போட்டதற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டாள். நான் தலையாட்டினேன். அதோடு போயிருக்கலாம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அம்மா அன்னைக்கு ராத்திரி பூராவும் கரையிலதான் உக்காந்திருந்தாங்கப்பா. செல்வக்குமாரு பொண்டாட்டி பாண்டிமீனா கூட இருந்திருக்கு. காணாமப் போன ஆளும் தேடப் போனவங்களும் வந்து சேர்ற வரைக்கும் அந்த ஊர்ல ஒரு வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்களாம். புள்ளைங்களுக்குக் கூட பன்னுதான் குடுத்தாங்களாம். ஒங்ககிட்ட அம்மா சொன்னாங்களா?”

“சொல்லலை.”

“நீங்க கேட்டீங்களா?”

அவள் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். பிலோமினாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்பதுபோலப் பார்த்தாள். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு கேள்வி. நாலு சொல். என் நாக்கில் ஏன் வர மாட்டேன் என்கிறது? கேட்டால் தவறு என்னுடையது என்று ஆகிவிடும். அதுதான்.

22.3.2025, சனி

வரைபடத்தை எடுத்துவைத்திருக்கிறேன். ஈஸ்டர் பாஸ்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மண்டபம். யாரிடமும் சொல்லவில்லை.

4.4.2025, வெள்ளி. தாழைக்குடி.

காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. முத்திருளன். “அய்யா, செல்வக்குமாரு நேத்து மத்தியானம் தனியாப் போனான். இன்னும் வரலை. ஒங்க பேரு நோட்டுல இருக்கு. தேடுற படகுல ரெண்டு பேரா இருக்கணும், ஆளோட வாங்க.”

பாயில் ஓடுகிற படகு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நான் வந்து என்ன ஆகப்போகிறது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வாரேன் என்றேன்.

உக்கிரபாண்டிக்குப் போன் பண்ணினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அவன். “பட்டறையைப் பூட்டிட்டு வாரேண்ணே.”

டிரெய்லரை மாட்டிக்கொண்டிருக்கும்போது பிலோமினாள் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நீ எதுக்கு?”

“பாண்டிமீனா தனியா இருக்கும்.”

வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வந்து சேரும்போது மூன்று மணி. முதல் சுற்றுப் போன படகுகள் வெறும் கையோடு திரும்பிக்கொண்டிருந்தன. ஊரில் எந்தக் கூரையிலும் புகை இல்லை. பாண்டிமீனா அழவில்லை. எழுந்து நின்று பிலோமினாள் கையைப் பிடித்து, உட்காரச் சொன்னாள், விருந்தாளியைச் சொல்வதுபோல.

5.4.2025, சனி. தாழைக்குடி.

விடிவதற்கு முன் முத்திருளன் திசை பிரித்தார். பெரிய படகுகள் ஆழத்துக்கு. எனக்கு ஓடைகள். “எங்க எஞ்சினு அங்க சேத்துல சிக்கும். ஒங்க படகுதான் உள்ள போகும். அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்.” அன்றைக்கு, என்னைத் தேடி அவர்கள் அந்தச் சேற்றில் இறங்கி நடந்தார்கள். அதைத்தான் சொல்கிறார் என்று பிறகுதான் உறைத்தது.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். உக்கிரபாண்டி கால் மணி நேரத்தில் வாந்தியெடுத்தான். “அண்ணே, கண்மாயில இம்புட்டு ஆடலையே. எறங்கி நடந்து வரட்டா?” துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, முன்பக்கம் குப்புறப் படுத்தபடி தண்ணீரைப் பார்த்து வந்தான். பாதை அவன் சொல்ல, சுக்கான் நான். மேடு வருது, எடது ஒடிங்க, கெளை கெளை — அவன் கண் எனக்கு இல்லை.

முதல் ஓடை. இரண்டாவது. ஒவ்வொரு வளைவிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். செல்வக்குமார்... செல்வக்குமார்... காட்டுக்குள் என் குரல் என் குரல்போல இல்லை. கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டும். நண்டு சேற்றில் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது, மனிதன் மட்டும் இல்லை. மூன்றாவது ஓடையில் ஒரு நீலக் கேன் வேரில் சிக்கிக் கிடந்தது. உக்கிரபாண்டி எட்டி எடுத்தான். பாசி பிடித்த பழைய கேன். அதைத் திரும்பத் தண்ணீரில் போடாமல் காலடியில் வைத்துக்கொண்டான். தவளை அலையடிக்கிறது என்று சிரித்த முகம் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

நாலாவது, நான் கட்டிக் கிடந்த ஓடை. அங்கும் கூப்பிட்டேன். நாரை எழுந்து பறந்தது.

திரும்பும்போது காற்று எதிர். போனில் சிக்னல் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக அடித்து, கரை தெரியும்போது மணி ஒன்று நாற்பது.

கரை நிறைய ஆட்கள். உடல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஒருவரும் அழவில்லை. தண்ணீருக்குள் இறங்கி வந்த முதல் ஆள் செல்வக்குமார். வலது கையில் கட்டு. எஞ்சின் தீப்பிடித்து, கையைச் சுட்டுக்கொண்டு, வடக்கே வெகுதூரம் ஒதுங்கியிருக்கிறான். காலை எட்டு மணிக்கே ஒரு விசைப்படகு கண்டெடுத்துக் கொண்டுவந்து விட்டதாம்.

“எட்டு மணிக்கா?” என்றேன். “அப்ப இவங்கெல்லாம் எதுக்கு இன்னும் நிக்கிறாங்க?”

“நீங்க வரலையே” என்றான்.

முத்திருளன் நோட்டில் கடைசி வரியை அடித்தார். “மதுரைக்காரர் வந்தாச்சு” என்று உரக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பெண்கள் வீட்டுக்கு நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழும்பியது. உக்கிரபாண்டி மணலில் மல்லாந்து கிடந்து, “மீன்கொழம்பு வைக்கிறாகளா பாருங்கண்ணே” என்றான்.

பிலோமினாள் பாண்டிமீனாவோடு போகவில்லை. படகைக் கட்டும்வரை நின்றாள்.

கேட்டேன். “அன்னைக்கு ராத்திரி எங்க உக்காந்திருந்த?”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிறகு கை நீட்டினாள். “அந்தா. வலை காயப்போடுற கம்புக்குப் பக்கத்துல.”

சொல்லிவிட்டு வீடுகள் பக்கம் போய்விட்டாள்.

அங்கே போய் உட்கார்ந்தேன். மணல் சுட்டது. தெற்கே பார்த்தேன். நான் இருந்த காடு தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. கரை வளைந்து மறைத்துவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் மட்டும்தான்.